சீனியர் ரெஸ்யூமும் மாமா கடையும்!

"தம்பி, உங்க பேர் என்ன?"

போன செமஸ்டர் லீவுக்கு இன்டர்ன்ஷிப் தேடிப் போனப்போ, இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். "அப்போ கீழே டிக்ளரேஷன்ல இருக்கிறது யாரு?" என்று பேப்பரைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஜம்முனு உட்கார்ந்திருந்தது என் சீனியர் அண்ணன் பெயர்!

அண்ணன்கிட்ட ஃபைலை வாங்கி, மேலே பேரை மாத்தினவன் கீழே மாத்த மறந்துட்டேன். பேரோடு போயிருந்தா பரவாயில்லை. அவர் அடுக்கி வெச்சிருந்த மேட்லேப், ஜாவா, பைத்தான் எல்லாம் என் கணக்கில் அப்படியே இருந்தது. "மேட்லேப்ல என்ன பண்ணியிருக்கீங்க?" என்றார். 'லேப்ல ஃப்ரெண்ட் பண்றதை வேடிக்கை பார்த்திருக்கேன்'னு சொல்ல முடியுமா? 3 நிமிஷத்தில் 'தேங்க்யூ' சொல்லி அனுப்பிட்டாங்க.

நைட்டு விஷயம் கேட்ட மாமா சிரிச்சார். "ஏன் மாப்ள, லீவு விட்டா என் கடையில உட்கார்ந்து மோட்டாருக்கு காயில் கட்டுறியே... அதை எழுதினியா?"

எழுதலை! கையில கிரீஸோட பண்ற வேலையை ரெஸ்யூமில் எப்படிப் போடுறதுன்னு கூச்சம். நான் படிக்கிறதே இ.இ.இ.!

புது ஃபைல் திறந்தேன். ஒரே பக்கம்தான்னு முடிவு. நாலு வரி 'கரியர் அப்ஜெக்டிவ்', அப்பா பேர், டிக்ளரேஷன் எல்லாம் அவுட். ஒவ்வொரு வரிக்கும் 'இதைப் பத்தி 5 நிமிஷம் பேசுவியா?'ன்னு என்னையே கேட்டேன். ஜாவா போச்சு. மேட்லேபும் போச்சு. 'மோட்டார் ரீவைண்டிங், 2 கோடை விடுமுறைகள், 1 ஹெச்.பி. வரை' என்பது முதல் வரியாச்சு. ஏன்னா அப்ளை பண்ணினது ஒரு பம்ப் கம்பெனிக்கு. லியனார்டோ டாவின்சியே மிலன் ஆட்சியாளர்கிட்ட வேலை கேட்டு எழுதின லெட்டரில், பாலம், பீரங்கின்னு போருக்கு உதவுற வித்தைகளை முதலில் அடுக்கிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் சொன்னாராம்!

இன்னொரு விஷயம்... பல பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் அலசுறது சாஃப்ட்வேர்தான். கட்டம், படம், சிக்கலான டிசைன் எல்லாம் சில சமயம் அதைக் குழப்பிடலாம். விளம்பரத்தில் கேட்டிருக்கிற திறமை நமக்கு நிஜமாவே இருந்தா, அதே வார்த்தையில் எழுதிடணும். 'கூல்பாய்' மெயில் ஐ.டி-க்கும், 'ஃபைனல் நியூ 2' ஃபைல் பேருக்கும் டாட்டா சொல்லிடணும்.

கூப்பிட்டாங்க! "சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு எதுக்குத் தம்பி கெபாசிட்டர்?" என்றார். "அது போயிட்டா மோட்டார் உறுமும், ஆனா சுத்தாது சார்"னு ஆரம்பிச்சவன் 15 நிமிஷம் நிறுத்தலை.

ரிசல்ட் அடுத்த வாரம். கிடைச்சா முதல் ட்ரீட் மாமாவுக்கு. கிடைக்கலேன்னாலும் வருத்தமில்லை பாஸ்... இந்தத் தடவை அந்தப் பேப்பரில் மேலேயிருந்து கீழே வரைக்கும் இருந்தது நான்தான்!