கிணற்று நீரும் வான் எஞ்சினும்

முந்தலிலே வைகறை மூன்று மணிக்கே வான் எஞ்சின்கள் இருமத் தொடங்கிவிடும். களப்பில் அகப்பட்ட இறாலும் மீனும், உடப்புக் கரையிலே காய்ந்த கருவாடும் ஏறியதும் அவை பத்துளு ஓயாவையும் ஆராச்சிக்கட்டையும் கடந்து சிலாபத்துக்கோ நீர்கொழும்புக்கோ ஓடிவிடும். பொழுது புலருமுன் சந்தையை அடையாத மீனுக்கு விலையில்லை. ஆகவே எமது ஊரிலே ஒருவருடைய வான் எஞ்சின் பழுதுபட்டது என்றால், அவர் வீட்டு அடுப்புக்கும் ஆபத்து வந்தது என்பதே பொருள்.

சென்ற ஆண்டு எமது மைத்துனனின் வான் இரண்டு மாத காலம் எம் வீட்டு முற்றத்துத் தென்னையடியிலே அசைவற்றுக் கிடந்தது. அதனைக் கிடத்தியவர் நாமே. கல்லூரியிலே பௌதிகம் கற்பிக்கும் ஒருவர் நல்லதோர் எஞ்சினை எவ்வாறு பாழாக்கினார் என்பதை மாணவர்களும் அறிந்திருப்பது நன்று.

அது டொயோட்டா லைட் ஏஸ் வகையைச் சேர்ந்த பழைய வான். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், பழைய வாகனங்களின் விலை ஏறியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்திலேதான் மைத்துனன் தன் சேமிப்பையெல்லாம் கொட்டி அதை வாங்கினான். முன்னிருக்கையைத் தூக்கினால் அடியிலே எஞ்சின் தெரியும். பெயர் 5கே. 1966ஆம் ஆண்டு முதலாவது கொரோலாக் காருடன் வெளிவந்த 1077 கனசென்ரிமீற்றர் எஞ்சினின் வழித்தோன்றல் இது. நான்கு சிலிண்டர்கள் நிரையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 80.5 மில்லிமீற்றர், பிஸ்டன் ஒருமுறை செல்லும் தூரம் 73 மில்லிமீற்றர். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்தால் நான்கினதும் கனவளவு 1486 கனசென்ரிமீற்றர் என வரும். விட்டத்தை மாற்றாமல் தூரத்தை மட்டும் 87.5 மில்லிமீற்றராக நீட்டியபோது, 1781 கனசென்ரிமீற்றர் கொண்ட 7கே பிறந்தது.

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு இதிலே தலைக்கு மேலே இல்லை. பக்கத்திலே தாழ்வாக இருந்து, நீண்ட கோல்களால் வால்வுகளைத் தள்ளித் திறக்கிறது. பழைய முறைதான். ஆயினும் அத்தண்டை ரப்பர்ப் பட்டி சுழற்றாமல் சங்கிலியே சுழற்றுவதால், பட்டி அறுந்து வால்வு வளைந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. சிற்றூர்க் கராச்சிலும் கழற்றிப் பூட்டலாம்.

நோயே அறியாத எஞ்சின் என்று சொல்லமாட்டோம். காபுரேற்றரின் நுண்துளையிலே தூசி அடைத்தால் சந்தியிலே நின்றுபோகும். வால்வு மூடியின் கேஸ்கட் மூப்படைந்தால் எண்ணெய் கசியும். சங்கிலி தளர்ந்தால் முன்பக்கம் கிலுகிலுக்கும். களப்புக் காற்று வீசும் எம்மூரிலே இன்னொரு குறையும் உண்டு. பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ரிபியூற்றரின் மூடியிலே உப்பீரம் படிந்து, மின்சாரம் வழிமாறிக் கசிய, விடியற்காலையில் எஞ்சின் உயிர்பெற மறுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. இவையெல்லாம் தடிமன், காய்ச்சல் போன்றவை. எம்முடையது வேறு.

பெற்றோல் எரிவதால் வரும் வெப்பத்தில் காற்பங்கு, அல்லது அதற்குச் சற்று மேற்பட்டதே வண்டியை ஓட்டும் வேலையாகிறது. மிகுதியிற் பெரும்பகுதி புகையோடு வெளியேற, ஏறத்தாழ அதேயளவை நீர் சுமந்து சென்று றேடியேற்றரிலே இறக்கவேண்டும். அதன் மூடியிலுள்ள வில் நீரை அமுக்கத்தில் வைத்திருப்பதால், அந்நீர் 100 பாகையிலே கொதியாமல் 120 பாகையை அண்மிக்கும் வரை தாக்குப்பிடிக்கிறது. இவ்வளவும் நாம் கற்பிப்பவைதாம். ஆனால், கூலன்ட் எனப்படும் குளிர்திரவம் ஒரு போத்தலின் விலையைக் கேட்டுவிட்டு, “கிணறு நிறைய நீர் இருக்க, இது எதற்கு?” என்று மைத்துனனிடம் கூறியவரும் நாமே.

எமது கிணற்று நீர் சற்று உவர்ப்பானது, வன்னீருங்கூட. வீட்டுக் கேத்திலின் உட்புறத்திலே வெண்ணிறப் படிவு ஓடுபோல ஒட்டியிருக்கும். எமது இல்லாள் மாதந்தோறும் புளியிட்டுத் தேய்ப்பார். வன்னீரைக் கொதிக்கவைத்தால் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகும் என்று கரும்பலகையிலே எழுதிவிட்டு வந்து, அதே நீரை வாளியில் மொண்டு றேடியேற்றரில் ஊற்றினோம். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு ஊற்றினோம்.

இப்பழக்கம் எமக்குத் தந்தை வழி வந்தது. அவர் தமது இளமையிலே தேங்காய் ஏற்றும் பெட்போர்ட் லொறியிலே சென்றவர். வழியிலே கால்வாயைக் கண்டால் நிறுத்தி, தகரத்தில் நீர் மொண்டு ஊற்றிக்கொண்டு போவார்களாம். அந்த லொறியின் பெற்றோல் எஞ்சின் ஆறு சிலிண்டர்களும் 3519 கனசென்ரிமீற்றரும் கொண்டது. வலு 72 குதிரை. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சிறிய வலு! உடலும் இரும்பு, தலையும் இரும்பு. கால்வாய் நீரையும் குடித்துவிட்டு அது ஓடியது. 5கே எஞ்சினுக்கோ உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். தந்தையார் சொன்னதை நாம் நினைவில் வைத்திருந்தோம். அவர் எந்த எஞ்சினைப் பற்றிச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வாங்கும்போதே அந்த வானில் தேமோஸ்ரற் இல்லை. நமது நாடு வெப்பநாடு, அது எதற்கு என்று கழற்றிவிடுவது இங்கு பலரது வழக்கம். 82 பாகையளவில் திறக்கும் அச்சிறு வாயில் இல்லையேல் எஞ்சின் சூடேறத் தாமதிக்கும், பெற்றோல் வீணாகும். 2022ஆம் ஆண்டு கியூஆர் முறைப்படி வானுக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து கொடுத்த நாளிலே அவ்வீண்செலவு நன்றாக உறைத்தது. அதைவிடக் கேடு, முள் எப்போதும் தாழவே நின்றதால் உள்ளே அடைப்பு வளர்வதை நாம் அறியவில்லை.

ஆனி மாதத்து ஒரு காலை, சிலாபத்திலிருந்து திரும்பும் வழியிலே, வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. மைத்துனன் சிறிது தூரம் மெதுவாக ஓட்டினான். முள் சடுதியாகக் கீழே இறங்கியது. அவன் வண்டியை ஓரங்கட்டி எம்மைத் தொலைபேசியில் அழைத்தான்.

“அத்தான், சூடு தானாவே குறைஞ்சிட்டுது. மெல்ல வந்திடுவன்.”

“நல்லது, வா” என்றோம்.

சுமையோடு ஓடும் எஞ்சின் காரணமின்றி எப்படிக் குளிரும் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கையிலே காலைத் தேநீர் இருந்தது. முள்ளை அசைக்கும் உணரி நீரில் அமிழ்ந்திருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் முழுவதும் ஒழுகிப் போய்விட்டதால் அது வெறுமையிலே நின்று, குளிர்ந்துவிட்டதாகப் பொய் சொன்னது. பத்துளு ஓயாவை அடையுமுன் எஞ்சின் திணறி நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

கராச்சிலே தலையைக் கழற்றிய மெக்கானிக், அதன்மேல் நேர்கோல் ஒன்றை வைத்து, இடையே மென்தகடு ஒன்றைச் செருகிக் காட்டினார். தடையின்றி நுழைந்தது. ஒரு தலைமயிரின் பருமனளவு வளைந்தாலே ஆகாத இடம் அது. இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கிடையே கேஸ்கட் எரிந்திருந்தது. நீர்ப்பாதைகளிலே எமது கேத்திலிற் கண்ட அதே வெண்படிவு. உடலின் பக்கத்திலுள்ள வெல்ச் தட்டுகளுள் ஒன்று உள்ளிருந்தே துருப்பிடித்துத் துளை விழுந்திருந்தது. நீர் போன வழி அதுவே.

“சேர், இதுக்கு என்ன தண்ணி ஊத்தினீங்க?” என்றார் அவர். கடுமையேதுமின்றித்தான் கேட்டார். விடை சொல்ல எமக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அன்றிரவு ஒரு தாளிலே கணக்கிட்டுப் பார்த்தோம். 400 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு தலையும் உடலும் 70 பாகை சூடேறுவதாகக் கொண்டால், அலுமினியம் ஏறத்தாழ 0.64 மில்லிமீற்றர் நீளும், வார்ப்பிரும்பு 0.31 மில்லிமீற்றர் அளவே நீளும். ஒன்றையொன்று இறுகப் பிடித்தபடி, ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு விரிய முயல்கிறது. நாள்தோறும் நடக்கும் இவ்விழுபறியைப் பொறுக்கும்படியே அவற்றைச் செய்திருக்கிறார்கள். நீரற்றுப் போய்ச் சூடு வரம்பு கடந்தால் மென்மையான அலுமினியமே வளையும். உப்பு நீரோ வேறொரு வழியிலும் பகையாகிறது. இரும்பும் அலுமினியமும் உப்பு நீரும் சேர்ந்தால் ஒரு மின்கலம். அதிலே அரிக்கப்படுவது அலுமினியம். இது பரீட்சையிலே எம் மாணவர்கள் தவறாது விடையளிக்கும் வினா.

தலையைச் சீவி மட்டப்படுத்தவும், கேஸ்கட், நீர்ப்பம்பு, றேடியேற்றர் யாவற்றையும் புதிதாக இடவும் வேண்டிய பணம் எம் கையில் இருக்கவில்லை. இல்லாள் தமது காப்புகள் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. உதிரிப்பாகங்கள் வந்து சேரும்வரை மைத்துனன் பிறருடைய வானிலே மீன்பெட்டி தூக்கச் சென்றான். அவனும் எம்மைக் குறை கூறவில்லை. “அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்று தமக்கையிடம் ஒருமுறை சொன்னானாம். குறை கூறியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது வான் மீண்டும் மூன்று மணிக்கு இருமுகிறது. குளிர்திரவத்தை வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்தே ஊற்றுகிறான். தேமோஸ்ரற் தன் இடத்திலே இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியலிலேயே மூடியைத் திறந்து மட்டம் பார்க்கிறான். சூட்டிலே திறந்து முகம் வெந்தவர்களை எம்மூர் அறியும். முள் ஏறினாலும் நிறுத்துகிறான். சடுதியாக விழுந்தால் இன்னும் விரைவாக நிறுத்துவதாகச் சொல்கிறான். எண்ணெய் மாற்றுவது பற்றிச் சென்ற வாரம் எம்மிடம் கேட்டான். மெக்கானிக்கிடம் கேள் என்றோம்.

தைப்பொங்கலுக்கு முன் காப்புகளுள் ஒன்றை மீட்டுக் கொடுத்தான். மற்றையது இன்னமும் அடைவிலே இருக்கிறது. அதன் வட்டியை மாதந்தோறும் நாம் கட்டி வருகிறோம்.