மியூட்டில் இரண்டு ஸ்கார்

ஒலியை அடைத்துவிட்டு 1994-இன் 'தி லயன் கிங்' படத்தை ஓடவிட்டால் முதலில் பேசுவது வில்லன் சிங்கம் ஸ்காரின் புருவம்.

குகையோரம் ஒரு சுண்டெலி வந்து சிக்குகிறது. அதை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கார் தன் குறையைச் சொல்கிறான். என்ன குறை என்று காதால் கேட்க வேண்டியதே இல்லை. ஒரு புருவம் ஏறுகிறது, மற்றது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. இமை பாதி மூடியிருக்கிறது. உதட்டின் ஒரு ஓரம் மட்டும் கோணுகிறது. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் உம்மென்று உட்கார்ந்திருக்கும் சித்தப்பா. அண்ணன் மகன் சிம்பா பிறந்ததில் கைநழுவியது அரியணை. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆண்ட்ரியஸ் டேஜா வரைந்த சிங்கம் இது. குரல் கொடுத்த ஜெரமி அயர்ன்ஸின் முகச்சாடையை இதில் கொண்டுவந்தார். சிங்க இனத்துக்கே இல்லாத அந்த அலட்சியம் அப்படி வந்ததுதான். இன்னொன்று: மற்ற சிங்கங்களின் நகங்கள் உள்ளே ஒடுங்கியிருக்க, ஸ்காருடையவை எந்நேரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை. பயம் மட்டும் வந்துவிடுகிறது.

இனி 2019. அதே கதையை மறுபடி எடுத்த ஜான் ஃபேவ்ரோவின் படம். தொடக்கத்துச் சூரிய உதயம் ஒன்றுதான் கேமராவில் பிடித்தது. மற்றதெல்லாம் கணினியில் செய்தது. மறுபடியும் எலி வருகிறது. மீசை துடிக்கும், நிஜம் போன்ற எலி. ஸ்காரும் வருகிறான். மெலிந்த உடம்பு, கண்ணில் தழும்பு, கலைந்த பிடரி, ஒவ்வொரு மயிரும் காற்றுக்கு அசைகிறது.

தாடை திறக்கிறது, மூடுகிறது. கோபமா, பசியா, கொட்டாவியா? சிவெட்டல் எஜியஃபோரின் குரலில் நஞ்சு இருக்கிறது. ஒலியைக் கூட்டினால்தான் அது தெரியும். அதுவரைக்கும் இது வனவிலங்கு சேனலில் பார்த்த சிங்கம். குற்றம் சொல்லவும் வழியில்லை, சிங்கம் புருவத்தை ஏற்றி இறக்காதுதான். நிஜத்துக்கு விசுவாசமாக இருந்ததில் நடிகனைப் பறிகொடுத்துவிட்டார்கள்.

ஸ்காரின் பாட்டிலும் இதே கதைதான். பழைய படத்தில் பச்சைப் புகை, பாறை உச்சியில் ஸ்கார், கீழே கால் வீசி அணிவகுக்கும் கழுதைப்புலிகள். நாஜிப் பேரணிகளை மனதில் வைத்து அமைத்த காட்சி. ஒலியில்லாமலே அடிவயிறு கலங்குகிறது. புதியதில் பாட்டு பாதிப் பேச்சாகச் சுருங்கிவிட்டது. இருட்டில் சில விலங்குகள் நடமாடுகின்றன, அவ்வளவே.

பழைய 88 நிமிடப் படம் புதியதில் 118 நிமிடம். கூடிய அரை மணியில் ஒரு துண்டு மட்டும் அருமை. சிம்பாவின் பிடரியிலிருந்து உதிர்ந்த மயிர்க்கற்றை குரங்கு ரஃபிக்கியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய படத்தில் சிம்பா தரையில் விழும்போது கிளம்பும் பஞ்சையும் தூசியையும் காற்றே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறது. இங்கே அந்தக் கற்றை தண்ணீரில் மிதக்கிறது, ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு வெளியே விழுகிறது, சாணவண்டு அதை உருட்டிக்கொண்டு போகிறது, எறும்புகள் சுமக்கின்றன. கதைக்கு இவ்வளவு நீளம் தேவையே இல்லை. ஆனாலும் கண் நகரவில்லை. இங்கே யாரும் பேசுவதில்லை, யாருக்கும் முகபாவம் வேண்டியதில்லை. வண்டு வண்டாக இருந்தால் போதும். இப்படியே இன்னும் பத்து நிமிடம் போகட்டும் என்று நினைக்கும்போதே சிங்கங்கள் திரும்ப வந்து வாயைத் திறக்கின்றன.