சேர்க்கை எண் இல்லாத காகிதங்கள்

நாணயம் சேர்ப்பவருக்கு நம்மிடையே ஒரு மதிப்பு உண்டு. 'நாணயவியல்' என்று ஒரு துறையே இருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி பாண்டியன் பெருவழுதியின் காசைப் படித்துக் காட்டியபோது, சங்ககாலம் பற்றிய விவாதமே ஓரடி நகர்ந்தது. அஞ்சல்தலை சேர்ப்பவருக்கும் கண்காட்சி உண்டு, பரிசு உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் அழைக்கச் சொல்லே கிடையாது. தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பதைக் குறிக்க 1943-இல் மார்ஜரி எவன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 'ஃபிலுமெனி' என்றொரு சொல்லைக் கட்டினார். பாதி கிரேக்கம், பாதி இலத்தீன். சிவகாசியை வைத்திருக்கும் நாம் அப்படியொரு சொல்லைக் கட்டவில்லை. தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை, பேருந்துச் சீட்டு, அறுந்த ஃபிலிம் துண்டு, பொன்வண்டு எல்லாவற்றையும் சிறுவயதில் சேர்த்தவர்கள்தாம் நாம். வளர்ந்த பிறகும் ஒருவர் அதைத் தொடர்ந்தால், அவருக்கு வீட்டார் தரும் பெயர் 'வேலையற்றவர்'.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அப்படி ஒரு வேலையற்றவரை இரண்டாண்டுகளாக அறிவேன். ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்றார். ஆகவே பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் சேர்த்தவை திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், கோயில் திருவிழா நோட்டீசுகள், ரசிகர் மன்றத் துண்டறிக்கைகள், திருமணப் பத்திரிகைகள். நான்கு டிரங்குப் பெட்டிகள். ஐந்தாவது ஒன்றும் இருந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது, தமிழ் அச்சடித்த எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம் என்று உறவினர் அஞ்சியதால், ஒரு பெட்டியைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்களாம். அது திரும்பி வரவில்லை. இதை அவர் எந்த வருத்தமும் காட்டாமல் சொன்னார். பெட்டியில் என்னென்ன இருந்தன என்பதை மட்டும் வரிசை தவறாமல் ஒப்பித்தார்.

பாட்டுப் புத்தகத்தைப் பார்த்திராத இளையவர்களுக்காக: திரையரங்க வாசலில் சில பைசாவுக்கு விற்ற மெல்லிய சிற்றேடு அது. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல் வரிகள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்றிருக்கும். (பேச்சில் வியங்கோள் அருகிவிட்டது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். மலிவு அச்சில் அது எவ்வளவு காலம் தழைத்திருந்தது என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.) இத்தகைய ஏட்டின் அருமைக்கு 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' சான்று. தமிழின் முதல் பேசும்படமான அதன் பிரதி எதுவும் இன்று இல்லை. பாட்டுப் புத்தகம், சில நிழற்படங்கள், அன்றைய பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டே அதைப் பற்றிப் பேசுகிறோம். எறிந்திருக்க வேண்டியதை யாரோ எறியாமல் வைத்திருந்ததால் வந்த அறிவு அது.

என் ஆய்வுக்கு அவருடைய பெட்டிகள் தேவைப்பட்டது வேறு காரணத்தால். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவையும், ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற கொம்பையும் இழந்தன. ஒகர ஓகார வரிசையில் இவற்றோடு தொடர்புடையவற்றையும் கூட்டினால் 13 எழுத்துகள். பெரியார் 1935 முதலே குடி அரசு இதழில் இவ்வடிவங்களைப் பயன்படுத்தி வந்தார் என்பது அனைவரும் அறிந்ததே. ஆணை தமிழ்நாட்டுக்குரியது, கர்நாடகத்து அச்சகத்தை அது கட்டுப்படுத்தாது. அப்படியானால் பெங்களூருத் தமிழ் எப்போது மாறியது, எந்த வழியில் மாறியது? நூல்களில் இதற்கு விடை குறைவு, ஏனெனில் பெங்களூருத் தமிழர் படித்த நூல்கள் பெரும்பாலும் சென்னையில் அச்சானவை. உள்ளூரில் அச்சானவை நோட்டீசும் பத்திரிகையுமே.

பழைய அச்சு எழுத்துகளை மாற்றப் பணம் இல்லாததால் சிறு அச்சகங்கள் தாமதித்தன என்றுதான் நானும் கருதுகோளை வகுத்திருந்தேன். யோசித்தால் அது நிற்காது. 'கா'வுக்கான துணைக்காலும் 'கை'க்கான கொம்பும் எந்த அச்சகத்திலும் ஏற்கெனவே தனித்தனி ஈய அச்சாக இருந்தவை. புதிய 'ணா'வைக் கோக்க ஒரு காசும் செலவில்லை; 'ண'வின் பக்கத்தில் துணைக்காலை வைத்தால் போதும். ஆகவே மாறத் தயங்கியது பணப்பை அன்று, கை. பெரியவரின் பெட்டியில் 1980-களின் நடுவில் அச்சான ஒரு மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் உள்ளது. உள்ளே பத்தியெல்லாம் புதிய வடிவம். தலைப்பில் மட்டும் தும்பிக்கை 'லை'. தலைப்பு ஓவியர் கையால் வரைந்து பிளாக் செய்தது, பத்தி அச்சுக் கோப்பவர் கோத்தது. ஒரே தாளில் இரண்டு கைகள், இரண்டு காலங்கள். ஊர்ப் பெயரும் ஒரு நிலையில் இல்லை: ஸ்ரீராம்புரம், ஸ்ரீராமபுரம், சீராம்புரம், ஓரிடத்தில் கன்னட வழக்குப்படி ஸ்ரீராமபுரா.

இவ்வளவையும் ஆய்வேட்டில் எழுதலாம், சான்று காட்ட இயலாது. நூலகத்தின் பெயர் என்ன, சேர்க்கை எண் என்ன என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் செல்ல வேண்டும். மாரியம்மன் நோட்டீஸ் எந்த நூலகத்துக்குப் போகும்?

போன முன்னுதாரணம் ஒன்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசு, துண்டறிக்கை, திருமணப் பத்திரிகை, கடிதம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக அமையச் செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் அங்கு செல்லாமல் எழுத இயலாது. இதைப் பெரியவரிடம் விரிவாகச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்மா, அவங்க என் வரிசைலயே வெச்சுக்குவாங்களா?"

அவர் வரிசை படத்தின் பெயராலோ ஆண்டாலோ அமைந்ததன்று, திரையரங்கால் அமைந்தது. நடராஜில் பார்த்தவை ஒரு கட்டு, ஸ்வஸ்திக்கில் பார்த்தவை இன்னொரு கட்டு. ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் பென்சிலில் தேதி, எந்த ஆட்டம், உடன் வந்தவர் யார். பட்டியலாளர் ஒருவர் இதைக் கண்டால் முதல் வேலையாகக் கட்டுகளைப் பிரித்து அகரவரிசையில் அடுக்குவார். ஒவ்வொரு தாளும் தப்பிப் பிழைக்கும். ஸ்ரீராம்புரத்துத் தமிழர் எங்கே, எப்போது, யாரோடு தமிழ் கேட்டார்கள் என்ற செய்தி போய்விடும். சேகரிப்பவரை நாம் மூலப்பொருள் தருபவராக மட்டுமே பார்க்கிறோம். அவர் ஏற்கெனவே வகைப்படுத்தியிருக்கிறார் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

மகன் வீட்டை இடித்து மாடி எடுக்கப் போகிறார். தை மாதத்துக்குள் பெட்டிகள் வெளியேற வேண்டும். பழைய பேப்பர்க் கடைக்காரர் ஒருமுறை வந்து எடையை உத்தேசித்துவிட்டுப் போயிருக்கிறார். மகனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; ஆறு பேர் இரண்டு அறைகளில் வாழும் வீடு அது. இப்போதைக்கு ஞாயிறுதோறும் சென்று, கட்டுக் கலையாமல், முன்னும் பின்னுமாக ஒவ்வொரு தாளையும் படமெடுக்கிறேன். இரண்டு பெட்டிகள் முடிந்தன. பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, பென்சில் மங்கிய இடங்களைப் படித்துச் சொல்கிறார். சில இடங்களில் உடன் வந்தவர் பெயரைச் சொல்லாமல் தாளைத் திருப்பிவிடுவார். அங்கே நானும் கேட்பதில்லை.

பெட்டிகளைப் பிரிக்காமல் ஏற்கக்கூடிய நிறுவனத்தில் பணியாற்றும் நண்பர்கள் தொடர்பு கொள்ளுங்கள். 1975-க்கும் 1990-க்கும் இடையில் பெங்களூரில் அச்சான திருமணப் பத்திரிகையோ கோயில் நோட்டீசோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், எறிவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கடைசி வரியில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அது படத்தில் விழட்டும்.