துணைக்கு ஒருவர்

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது 2013 ஜூலையில். அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாலு. ஒரு மாதமாகக் கால் வலிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்கூலுக்குப் போக மடி என்று நாங்கள் அதட்டினோம். பிறகு ஈறில் ரத்தம் வந்தது. ஏ.எல்.எல். என்றார்கள். பிள்ளைகளுக்கு வருவதில் இதுதான் அதிகம், நல்லபடியா குணமாக்கவும் முடியும் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அம்மா முதல் பாதியையே சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பா இரண்டாம் பாதியை.

வைத்தியம் சென்னை அடையாறில், கிட்டத்தட்ட மூன்று வருடம். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம். துணைக்குப் போகிறவருக்கு முக்கால்வாசி கழிவு. துணை என்றால் ஒருவர்தான். அம்மா போனாள்.

அப்பா முத்தையாபுரத்தில் உப்பளக் கணக்கப்பிள்ளை. உப்பு விளைகிற மாதத்தில் அளத்தை விட்டு நகர முடியாது. ஆஸ்பத்திரிச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. ஆனால் ஒற்றை அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் அப்பாவின் சம்பளத்தில். நானும் ஆச்சியும் அப்பாவோடு இருந்தோம்.

தினமும் ராத்திரி எட்டரைக்கு போன். அப்பா கேட்கிற முதல் கேள்வி, “கவுண்ட் எவ்வளவு?”

அவர் தொழிலே அப்படி. பாத்தித் தண்ணியில் மானியை விட்டுப் பார்த்து, 24, 25 டிகிரி வந்தால் உப்பு இறங்கும் என்பார். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போனால் காய்ச்சல்கூட ஆபத்து என்று தெரிந்ததும் அதையும் அப்படியே பிடித்துக்கொண்டார். அம்மா எண்ணைச் சொல்வாள். ஸ்டீராய்டு கொடுத்த வாரங்களில் தம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தயிர்ச்சோறு கேட்பான், பிசைந்து கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு அவள் கையைக் கடிப்பான். இதை அவள் போனில் சொன்னதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

அப்பா ஒருநாள் ரொம்ப உற்சாகமாக, வின்கிரிஸ்டின் மருந்து நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று சொன்னார். எங்கள் மாவட்டத்தில் மானாவாரி நிலத்தில் அதைப் பயிர் செய்கிறார்கள். இலையும் வேரும் மருந்துக்குப் போகும். “நம்ம ஊரு பூவுட்டி அது!” என்றார். எங்கள் பக்கம் அதற்கு இன்னொரு பேர், சுடுகாட்டு மல்லி. அந்த ஊசி ஏறிய பிறகு தம்பிக்குப் பாதம் தொங்கி, சரியாக நடக்க முடியாமல் இருந்த வாரம் அது. அம்மா போனை வைத்துவிட்டாள். அப்பாவுக்கு ஏன் என்றே புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

2014 பொங்கலுக்கு ரெண்டு நாள் வந்தார்கள். அடுப்படியில் ஆச்சி, யாரையும் பார்க்காமல், “எங்க வழியில இப்படி யாருக்கும் வந்தது கிடையாது” என்றாள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் பரம்பரைக் காரணம் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு இது தெரியும். எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார். திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

2016இல் மருந்தை நிறுத்தினார்கள். தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தோம். அடுத்த மாதமே சண்டை ஆரம்பித்தது. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் என்று எதில் தொடங்கினாலும் கடைசியில் அம்மா கேட்பது ஒன்றுதான்: “அன்னைக்கு ஏன் சும்மா இருந்தீங்க?” அப்புறம் சண்டையும் நின்றது. ஒரே வீட்டில் என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். “அப்பாவ சாப்பிட வரச் சொல்லு.” அப்பா பக்கத்து நாற்காலியில் இருப்பார்.

நார்வேயில் லட்சக்கணக்கான தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. பிள்ளைக்குப் புற்றுநோய் வந்ததால் பொதுவாக விவாகரத்து கூடவில்லை என்பது அதன் முடிவு. நம்புகிறேன். என் அப்பா அம்மாவும் அந்தக் கணக்கில் பிரியாதவர்கள்தான்.

தம்பிக்கு இப்போது பதினெட்டு. காலேஜ் போகிறான். நோயைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். போன மாதம் உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று கேட்டாள்.

“ஏட்டி, அந்த மூணு வருசத்துல உங்கப்பா ஒருநாளாவது அழுதாரா?”

அம்மாகிட்ட சொல்லிராத என்று அப்பா என்னிடம் கேட்டிருந்தார். பன்னிரண்டு வருடம் சொல்லாமல்தான் இருந்தேன். அன்று சொன்னேன். ராத்திரி போனை வைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போவார். ஒருநாள் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். யாரோ வாந்தி எடுக்கிற மாதிரி சத்தம் கேட்டது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

“எத்தன நாளு?”

“நான் போனது ஒருநாள்தான். அவரு தினமும் போவாரு.”

“திரும்பி வந்து சாப்பிடுவாரா?”

“ஆச்சி எடுத்து வச்சிருப்பா. சில நாள் சாப்பிடுவாரு.”

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா டீ போட்டாள். என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை. அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டம்ளரைத் திரும்ப வாங்கும்வரை அங்கேயே நின்றாள்.