முப்பதாம் நாள்

பிள்ளையைக் "கண்ணே" என்று கூப்பிடாத தாய் தமிழ் நாட்டில் இல்லை. ஆனால் பிள்ளையின் கண்ணைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்? இருபது வருஷங்களுக்கு மேலாக உபாத்தியாயர் தொழிலில் இருக்கிறோம். சர்வகலாசாலைப் பட்டமும் பெற்றிருக்கிறோம். இருந்தும், ஒரு சிசுவின் கண்ணைக் காப்பாற்ற வேண்டிய சமயம் வந்தபோது நாம் நடந்துகொண்ட விதம் நம் படிப்புக்குப் பெருமை தருவதாக இல்லை. இதைப் படிக்கும் வீடுகளில் ஒரு வீட்டிலாவது அந்தத் தவறு நேராமல் தடுக்கலாமே என்ற எண்ணத்தினால், வெட்கத்தை விட்டு எழுதுகிறோம்.

ஐந்து வருஷங்களுக்கு முன்னால் நம் தமக்கையின் மகளுக்கு ஏழு மாதம் முடிந்த கையோடு ஆண் குழந்தை பிறந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஊரிலிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பிராணவாயு கொடுத்து, இருபத்து நான்கு நாள் போராடிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "முப்பதாம் நாளுக்குள் கண் பரிசோதனை."

"நாற்பது நாள் ஆகாமல் பச்சைக் குழந்தையை வாசற்படி தாண்டி எடுத்துப் போவார்களா?" என்றாள் தமக்கை. நாமும் தலையை ஆட்டினோம். பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரப் பிரயாணம், வெளிக்காற்று, ஜனக் கூட்டம். குழந்தையின் கண்ணில் பீளை இல்லை, சிவப்பு இல்லை. விளக்கைக் கண்டால் விழிக்கிறது. "உயிர் பிழைத்ததே தெய்வ கடாட்சம், கண்ணுக்கு என்ன அவசரம்?" என்று சொன்னது நம் தமக்கை அல்ல, நாமேதான்.

நாற்பதாம் நாள் குழந்தையின் தாய் அந்தச் சீட்டை எடுத்து வந்து நம் முன்னால் வைத்தாள். "மாமா! பரீட்சைத் தேதி தப்பி வந்த பையனை நீங்கள் உள்ளே விடுவீர்களா? இந்தச் சீட்டிலும் தேதி போட்டுத்தானே கொடுத்திருக்கிறார்கள்!" என்றாள். நம்மிடம் பதில் இல்லை. மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரியச் செய்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு டாக்டர் அம்மாள் நெடுநேரம் பார்த்தார். குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு அவர் நம்மைத் தனியே அழைத்து, "வலது கண்ணுக்கு இன்றே சிகிச்சை செய்தால் தப்பும். இடது கண்ணில் விழித்திரை பிரியத் தொடங்கிவிட்டது. பத்து நாள் முன்னால் வந்திருக்கலாமே!" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. இந்த நோயைப் பற்றி அதன் பிறகு நாம் தேடிப் படித்தவற்றைச் சொல்லுகிறோம். விழித்திரைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் கருவின் நான்காம் மாதத்தில் கண் நரம்பு புகும் இடத்திலிருந்து வளரத் தொடங்குகின்றன. திரையின் ஓரத்தை அவை எட்டுவது ஏறக்குறையப் பத்தாம் மாதத்தில்தான். முன்கூட்டிப் பிறந்த சிசுவுக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. கருப்பையில் இருந்ததைக் காட்டிலும் அதிகப் பிராணவாயு கிடைப்பதால் நாளங்களின் வளர்ச்சி தடைப்படுகிறது. சில வாரங்கள் சென்றதும், வளர்ந்து வரும் திரை இரத்தம் போதாமல் தவிக்கிறது. அத்தவிப்பினால் புது நாளங்கள் முறைகெட்டுக் கிளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பற்றி இழுத்துவிடுகின்றன. இவ்வளவும் கண்ணுக்குள்ளே நடப்பது. வெளியே ஓர் அடையாளமும் தெரியாது.

1942-ம் வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கண் வைத்தியர் தியோடார் டெர்ரி என்பவர், குறைமாதக் குழந்தைகளின் கண் வில்லைக்குப் பின்னால் வெண்மையான சவ்வு படர்வதைக் கண்டு முதன்முதலில் எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இவ்விதம் பார்வை இழந்தார்கள். ஏழை ஆஸ்பத்திரிகளைவிட வசதி மிகுந்த ஆஸ்பத்திரிகளிலேயே இந்தத் துயரம் அதிகமாக இருந்தது. 1951-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டாக்டர் கேட் காம்ப்பெல் அம்மையார், தாராளமாகக் கொடுக்கப்படும் பிராணவாயுவே காரணமாக இருக்கலாம் என்று எடுத்துக் காட்டினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்பவர் இதைச் சோதித்துப் பார்க்க, சில குழந்தைகளுக்குத் தேவையான அளவு மட்டும் வாயு கொடுக்க ஏற்பாடு செய்தார். இராக்காலத்தில் தாதிமார் சிலர், பச்சைச் சிசுவுக்கு மூச்சுக் காற்றை மறுப்பதா என்று மனம் பொறாமல், யாருக்கும் தெரியாமல் வாயுவைத் திறந்துவிட்டார்களாம். இதைப் படித்தபோது நமக்குத் தமக்கையின் முகம் ஞாபகம் வந்தது. அந்தத் தாதிமாரைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை.

1953-ல் பதினெட்டு ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்து 786 குழந்தைகளிடம் செய்த பெரிய ஆராய்ச்சி, மறு வருஷமே சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது. உடனே எங்கும் வாயுவைக் குறைத்தார்கள், குருடு குறைந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1973-ல் வெளிவந்த ஒரு கணக்கு, ஒரு குழந்தையின் பார்வையைக் காத்ததற்கு விலையாகப் பதினாறு குழந்தைகள் மூச்சுக்குத் தவித்து இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2010-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியும் இதே தராசைத்தான் காட்டுகிறது: வாயுவின் அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தபோது கடுமையான கண் நோய் பாதியாகக் குறைந்தது, மரணமோ சற்று அதிகரித்தது. ஆகவே, வாயு கொடுத்த டாக்டரைக் குறை சொல்வது அறியாமை. உயிரைக் காக்க வாயு வேண்டும். கண்ணைக் காக்கக் காலத்தில் பரிசோதனை வேண்டும். நோய் முற்றும் தறுவாயில் விழித்திரையின் ஓரத்தை லேசர் கதிரால் சுட்டு நடுப்பார்வையைக் காப்பாற்றலாம். கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் உண்டு. ஆனால் சிகிச்சைக்கு வேண்டிய நிலை என்று கண்ட பிறகு இரண்டு மூன்று நாள்தான் தவணை.

நம் தேசத்தில் 2020-ம் வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும், முப்பது நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது நம் நாட்டு வைத்தியர்களின் விதி. மிகச் சிறிய குழந்தைக்கு மூன்றாவது வாரத்திலேயே வேண்டும். சென்னையில் 1996-ல் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை. பெற்றோருக்கு யாரும் எச்சரிக்கை செய்யவுமில்லை. குழந்தை பார்வை இழந்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடி 80 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கோ எழுதியே கொடுத்திருந்தார்கள்!

பேரன் இந்த வருஷம் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். வலது கண் தடித்த மூக்குக் கண்ணாடியின் உதவியால் நன்றாகப் பார்க்கிறது. இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். கரும்பலகை வலது பக்கம் வரும்படி வகுப்பின் இடது ஓரத்தில் அவனை உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவனும் குறையொன்றும் அறியாமல் மற்றப் பிள்ளைகளுடன் ஓடி விளையாடுகிறான்; இடது பக்கமாக வரும் பந்துதான் அவனுக்குத் தெரிவதில்லை. அது அவன் மேல் படும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்து நாள் நம் நினைவுக்கு வருகிறது.

தாய்மார்களே! பாட்டிமார்களே! நாற்பது நாள் வழக்கம் குழந்தையின் நன்மைக்காக ஏற்பட்டதுதான். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு அது விஷயத்தில் மட்டும் விலக்குக் கொடுங்கள். துணியில் நன்றாகச் சுற்றி, மார்போடு அணைத்து, எவ்வளவு தூரமானாலும் எடுத்துச் செல்லுங்கள். முதல் பரிசோதனையோடு நின்றுவிடாமல், டாக்டர் போதும் என்று சொல்லும் வரையில் குறித்த நாட்களில் எல்லாம் போய் வாருங்கள்.

இப்போதெல்லாம் தெரிந்தவர் வீட்டில் எட்டாம் மாதத்துக்குள் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டால், பெயர் என்ன என்று கேட்பதற்கு முன்னால், பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கிறோம்.