மல்லிகைச் சரை

வவுனியா. சத்திரசிகிச்சை கிளினிக் வாசல். காலை எட்டரைக்கே மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிர் வாங்கில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி. கிளினிக் கொப்பியை இடப்பக்க மார்போடு அணைத்திருந்தாள். கொப்பி சற்று விலகியபோது சட்டையில் மஞ்சள் ஈரம். உடனே மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் மாமியார், கையில் ஒரு கடதாசிச் சரை.

"பால்கட்டுத்தான் பிள்ளை. மல்லிகைப்பூ வைச்சுக் கட்டினா வத்திடும்."

"சின்னவன் நாலாம் ஆண்டு படிக்கிறான் மாமி. இப்ப எங்கால பால்?"

முதலில் போன இடத்தில் 'நெஞ்சு நோ' என்றாளாம். ஈசீஜி எடுத்து, இதயம் நல்லாயிருக்கு என்று அனுப்பிவிட்டார்களாம். மார்பையும் நெஞ்சென்றே சொல்லிப் பழகிய கூச்சம் மூன்று மாதத்தைத் தின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனம் வலித்தது.

நம்பர் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனாள். "மகரகமை கான்சர் ஆஸ்பத்திரிக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடக் கூடாது பிள்ளையாரே" என்று மாமியாரின் உதடு அசைந்தது.

திரும்பி வந்தவள் நின்றபடியே சொன்னாள்.

"ஊசியால எடுத்த சதைத்துண்டில கான்சர் இல்லையாம். காசமும் இல்லையாம்."

"அப்ப என்னவாம்?"

"ஒரு வீக்கமாம். ஏன் வந்ததெண்டு தெரியாதாம்."

"வெட்டுறதோ?"

"அவசரப்பட்டு வெட்டினா புண் ஆறாம இழுபடுமாம். குளுசைதான். மாசக்கணக்கில செல்லுமாம்."

காரணம் பிடிபடாத இந்த அழற்சியைக் கெஸ்லர், வொலொச் என்ற இருவர் தனி நோயாக விவரித்ததே 1972இல்தான். பார்வைக்குப் புற்றுநோய் போலிருக்கும்; நுண்ணோக்கியில் காசநோய் போலவும் தெரியும். இதற்கு மருந்து ஸ்டீரொயிட்; காசம் இருக்க அதைக் கொடுத்தால் காசம் கிளம்பிப் பரவிவிடும். ஆகவே சதைப் பரிசோதனைதான் முதற்படி. சீழ் கட்டினால் ஸ்கானில் பார்த்து ஊசியால் உறிஞ்சுவார்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் கேட்காவிட்டால் மெதோட்ரெக்சேட் உண்டு. சிலருக்கு மருந்தே இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்க, தானாக அடங்குவதும் உண்டு. அந்தக் காத்திருப்பும் வைத்தியந்தான்.

மிஸ்ஸி வெளியே வந்து சொன்னார்: "சாப்பிட்ட பிறகு போடுங்கோ அக்கா. சீனி கூடும், செக் பண்ணுங்கோ. மாறிட்டுது எண்டு நீங்களா நிப்பாட்டக் கூடாது. டொக்டர்தான் குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டுவார்."

மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு சரையைப் பிரித்தார். வாடத் தொடங்கியிருந்த மல்லிகை. ஒரு கணம் அதைப் பார்த்திருந்துவிட்டு, மருமகளைத் திருப்பி, அவள் கொண்டையில் செருகினார்.