கருங்கொக்கை எப்படி எண்ணுவது

பிச்சாவரத்தில் ஓதம் வடிந்த சேற்றில் இரை தேடும் கரைக்கொக்குகளில் ஒன்று கருஞ்சாம்பலாக, தொண்டையில் மட்டும் வெள்ளையோடு நிற்கும். இன்னொன்று உடல் முழுக்க வெள்ளையாக இருக்கும். இரண்டும் ஒரே இனம்தான். மடையான் பருவத்துக்குப் பருவம் முதுகின் நிறத்தை மாற்றிக்கொள்வதுபோன்றதல்ல இது. இந்த நிறங்கள் பிறவியிலேயே வந்தவை. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தாலும் கருப்பு வெள்ளையாகாது. ஆகவே ஒரு கழிமுகத்தில் கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம் நகர்ந்தால், அந்தப் பறவைக் கூட்டத்துக்குள்ளேயே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

அந்த நகர்வைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். கருங்கொக்கை யாரும் தவறவிடுவதில்லை. வெள்ளைக் கரைக்கொக்கோ சின்னக்கொக்குக் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. இரண்டுக்கும் கருங்கால், மஞ்சள் பாதம். கரைக்கொக்கின் அலகு சற்றுத் தடித்திருப்பதையும் அதன் வெளிறிய நிறத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தொலைநோக்கியும் கேமராவும் பரவியபின் வெள்ளைக் கரைக்கொக்கின் பதிவுகள் கூடினால், கூடியது பறவையா, பார்வையா? பழைய குறிப்புகளில் கருப்பே மிகுதி என்றிருந்தாலும், எளிதில் தெரிந்ததை எழுதினார்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது. இதேபோல் இரு நிறங்கள் கொண்ட ஓர் ஆந்தை இனத்தில், பின்லாந்தில் பழுப்பு ஆந்தைகள் பெருகியதையும், பனி குறைந்த குளிர்காலங்கள் அவற்றுக்குச் சாதகமானதையும் 2011இல் வெளியான ஆய்வு உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே சாம்பல் ஆந்தையும் பழுப்பு ஆந்தையும் ஒரே அளவுக்குத் தெளிவாக அடையாளம் காணப்பட்டன. பல பத்தாண்டுகளின் பதிவும் கைவசம் இருந்தது.

எனவே இங்கே வெள்ளைக் கரைக்கொக்கைத் தனியே எண்ண முயல்வதை விட்டுவிடலாம் என்பது என் வாதம். சேற்றில் நிற்கும் இந்த அளவுக் கொக்குகள் எல்லாவற்றையும், சின்னக்கொக்கையும் சேர்த்து, எண்ணி, அதில் கருப்பு எத்தனை என்று மட்டும் எழுதினால் போதும். அலகைப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. பக்கத்து ஊரான கிள்ளையின் படகோட்டியும் பிழையின்றி எண்ணலாம். சின்னக்கொக்குகள் மழைக்கும் நடவுக்கும் ஏற்ப வயலுக்குப் போய் வருமே, கூட்டுத்தொகை ஆடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே மாதம், ஒரே ஓதநிலை, ஒரே சேற்றுத்திட்டு என்று வரையறுத்தால் அந்த ஆட்டம் குறையும்; முழுக்க ஒழியாது. சின்னக்கொக்கின் தொகை தானாகவே ஏறி இறங்கினாலும் விகிதம் ஏமாற்றும். அதனால் கருப்பின் நேரடி எண்ணிக்கையையும் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். குஜராத் கடற்கரையில் இவ்விரு இனங்களும் கலந்து இணைந்த பதிவுகள் இருப்பதால், வெள்ளையைக் கறாராகப் பிரிக்கும் முறையின் மீது எனக்கு இன்னும் நம்பிக்கை குறைகிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தச் சதுப்பு அப்படியே நின்றுவிடவில்லை என்பதால் இதை வலியுறுத்துகிறேன். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டன. உப்புப் பூத்துக் கிடந்த பொட்டல்களில் மீண்டும் அலையாத்தி எழுந்தது. இந்த மாற்றம் கொக்கின் நிற விகிதத்தையும் தொடக்கூடும். வெள்ளை இறகு வானப் பின்னணியில் மீனின் கண்ணுக்குத் தப்பும், நிழலிலும் இருண்ட கரையிலும் கருப்பு தப்பும் என்பது பறவையியலாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று. அது சரியானால், பொட்டல் காடாகிய பக்கத்தில் கருப்பின் பங்கு ஏற வேண்டும். திறந்த முகத்துவாரத்தில் ஏறக்கூடாது. இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் ஏறினால், காட்டின் நிழலை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.